கில்ட் கட்டிக்கொண்டு வெளியே போகும்போது முறைத்துப் பார்ப்பவர்களை எப்படிச் சமாளிப்பது?

அடுத்த மாதம் ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸில் நண்பருக்குக் கல்யாணம், அங்கே ஆண்கள் பாவாடை மாதிரி கட்டும் கில்ட்டை லண்டனிலிருந்தே கட்டிக்கொண்டு ரயில் ஏறலாமா, ஒத்திகைக்காகக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்ததற்கே எல்லாரும் முறைத்தார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் எடின்பரோவுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கில்ட் கட்ட ஆரம்பித்து எட்டு வருடம். கல்யாணம், ஜனவரியில் கவிஞர் பர்ன்ஸ் நினைவாக நடக்கும் விருந்து, மர்ரேஃபீல்டு மைதானத்தில் ரக்பி என்று வருடத்துக்கு ஏழெட்டுத் தடவையாவது கட்டிவிடுவேன். கறுப்பாக, கொஞ்சம் தொப்பையோடு காரைக்குடிப் பக்கத்து ஆள் ஒருவன் கில்ட்டில் நடந்து வந்தால் நானே திரும்பிப் பார்ப்பேன். அதனால் பார்க்கவே மாட்டார்கள் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னைப் பார்த்தவர்களில் பாதிப் பேரை நானே கூப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிறேன். கில்ட்டில் கால்சட்டைப் பை கிடையாது. கைக்குப் போக்கிடம் இல்லாததால் அது ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் கல்யாணத்துக்குக் கிளம்பி பஸ்ஸுக்காக நின்ற பத்து நிமிடத்தில் இருபது தடவையாவது இழுத்திருப்பேன். "இப்படி இழுத்துக்கிட்டே நின்னா பாக்காதவங்களும் பாப்பாங்க. கைய அந்தப் பை மேல வைங்க" என்றாள் மனைவி. அந்தப் பை என்றால் ஸ்போரன், முன்னால் சங்கிலியில் தொங்கும் தோல் பை. ஃபோன், சாவி வைக்கத்தான் அது என்றாலும், எனக்குப் பெரிய உபயோகம் கையை வைத்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்ததுதான்.

அடுத்தது துணி. என் முதல் கில்ட் எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் கடையில் மலிவாக வாங்கிய அக்ரிலிக் சமாசாரம். இங்கே நார்த் பிரிட்ஜ் பாலத்தில் அடிக்கும் காற்று தெரிந்தவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால், தோளில் தொங்கிய பை கழுத்தில். அன்றைக்குப் பார்த்தவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது.

முறையான கில்ட் என்றால் எட்டு கெஜம் கம்பளித் துணி. மடிசாருக்கு ஒரு கெஜம்தான் குறைவு. முன்பக்கம் தட்டையாக இருக்கும், கொசுவம் முழுக்கப் பின்னால். என் அப்பத்தா கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துத்தான் கட்டுவார். கில்ட் தைப்பவர் என் இடுப்பை அளந்தபோது எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்தது. அந்தக் கொசுவத்தின் கனம்தான் காற்றில் உங்கள் மானத்தைக் காப்பாற்றும். வாடகைக்கு எடுப்பதானால், கடையில் டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையில் தூக்கிப் பாருங்கள். நல்ல கனமான துணி என்றால் கெஜத்துக்கு 16 அவுன்ஸ், ஏறக்குறைய 450 கிராம் இருக்கும். 

கட்டும் இடமும் முக்கியம். நம் ஆட்கள் ஜீன்ஸ் போடுகிற மாதிரி இடுப்பெலும்பில் கட்டிவிடுகிறார்கள். அப்போது ஓரம் முழங்காலுக்குக் கீழே இறங்கி, இரவல் பாவாடை மாதிரி தொங்கும். தொப்புள் உயரத்தில் வாரை இறுக்கினால் ஓரம் சரியாக முழங்காலின் நடுவில் நிற்கும். உட்காரும்போது பின்கொசுவத்தைக் கையால் தடவி அடியில் விட்டு உட்காருங்கள், ஸ்போரன் தொடைகளுக்கு நடுவில் விழட்டும். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் பார்வையை எங்கே வைப்பது என்று தவிக்கும் பிரச்சினை அதோடு முடிந்தது.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகு ஒரு நாள் பஸ்ஸில் எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா என் தொடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிறுத்தம் வரை பொறுத்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே குனிந்து, "மகனே, கில்ட் ஊசியை இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தியிருக்கிறாய், துணி கிழிந்துவிடும்" என்றார். கில்ட் பின் என்ற அந்த ஊசியை மேல் மடிப்பில் மட்டும்தான் குத்த வேண்டும். அது கனத்துக்கும் அழகுக்கும்தான், பூட்டு கிடையாது. முறைக்கிறார் என்று நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த அம்மா.

'அடியில் என்ன போட்டிருக்கிறாய்?' என்ற கேள்வி கட்டாயம் வரும். சனிக்கிழமை இரவு மதுக்கூடங்கள் நிறைந்த கிராஸ்மார்க்கெட் பக்கம் போனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வரும். "ஷூவும் சாக்ஸும்" என்பது ஸ்காட்லாந்தில் பாட்டன் காலத்துப் பதில். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நிஜப் பதில் வேண்டுமென்றால், உள்ளாடை போடுங்கள். வாடகைத் துணி அது, உங்களுக்கு முன்னால் யார் கட்டினார்களோ.

கை நீட்டுவது வேறு கதை. ஒரு மதுக்கூடத்தில், கல்யாணப் பெண்ணோடு கும்பலாக வந்திருந்த ஒருத்தி பின்னாலிருந்து கில்ட்டைத் தூக்கிவிட்டாள். கும்பலே சிரித்தது. நானும் அசடு வழியச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு மணிவரை தூக்கம் வரவில்லை. இதே காரியத்தை ஓர் ஆண் ஒரு பெண்ணின் பாவாடைக்குச் செய்திருந்தால் அங்கே யாராவது சிரித்திருப்பார்களா? அடுத்த வருடம் வேறோர் இடத்தில் இன்னொருத்தி ஓரத்தைப் பிடித்தபோது, "கையை எடுங்கள்" என்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். சிரிப்பு நின்றது, அவள் மன்னிப்புக் கேட்டாள். தொடுவதை வேடிக்கை என்று எடுத்துக்கொள்ளும் பெருந்தன்மை உங்களுக்கு வேண்டாம்.

ரயில் பற்றிக் கேட்டீர்கள். லண்டனுக்குப் போகும்போது ஒருமுறை எதிரில் இருந்த பையன்களில் ஒருவன் ஃபோனை மேசைக்கு அடியில் தாழ்த்திப் பிடித்தான். நான் வாக்குவாதம் செய்யவில்லை. எழுந்து போய் ரயில் ஊழியரிடம் சொன்னேன், அவர் வந்ததும் ஃபோன் பைக்குள் போனது. உடைக்கு அடியில் படம் எடுப்பது ஸ்காட்லாந்தில் 2010-லிருந்தும் இங்கிலாந்து, வேல்ஸில் 2019-லிருந்தும் குற்றம். கில்ட்டுக்கும் அது பொருந்தும். ரயில்வே போலீஸுக்கு 61016 என்ற எண்ணில் குறுஞ்செய்தி அனுப்பலாம். வெறும் பார்வைக்கு இதெல்லாம் தேவையில்லை. ஒரு வினாடி கண்ணைப் பார்த்துத் தலையசைத்து "குட் மார்னிங்" சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் கூச்சத்தோடு திருப்பிச் சொல்வார்கள்.

என்னை நிஜமாகவே சுட்டது நம் ஆட்களின் பார்வைதான். ஒரு பொங்கல் விழாவுக்கு இன்னொரு நிகழ்ச்சியிலிருந்து உடை மாற்ற நேரமில்லாமல் நேராகப் போய்விட்டேன். "என்ன மாப்ள, வீட்டம்மா பாவாடைய எடுத்துக் கட்டிட்டு வந்துட்டீங்க?" என்றார் தூரத்து உறவில் மாமா முறை வேண்டும் ஒருவர். அவர் பட்டு வேட்டியில் இருந்தார். "மாமா, வேட்டி கட்டி வந்தார்னு ஒரு நீதிபதியவே 2014-ல சென்னையில ஒரு கிளப்புக்குள்ள விடல. அதுக்காகச் சட்டசபையில சட்டமே போட்டாங்க. நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்றேன். சொன்ன தோரணை கொஞ்சம் சூடு என்பது அப்புறம்தான் உறைத்தது. மாமா சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துணி என்ன விலை என்று விசாரித்தார்.

நமக்கு இதைக் கட்ட உரிமை உண்டா என்ற தயக்கமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. தாராளமாகக் கட்டலாம். அரச குடும்பத்துக்கென்று வைத்திருக்கும் பால்மோரல் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர எந்த டார்ட்டனையும் யாரும் கட்டலாம். இங்கே குலத்துக்கு ஒரு டார்ட்டன் உண்டு. எந்தக் குலமும் இல்லாதவர்கள் பெரும்பாலும் பிளாக் வாட்ச் என்ற டார்ட்டனை எடுப்பார்கள், நானும் அதுதான். மலைநாட்டுக் கிளர்ச்சிக்காரர்கள் அரசுப் படையிடம் தோற்ற கலோடன் போருக்குப் பிறகு 1746-ல் போட்ட சட்டத்தின்படி ஸ்காட்லாந்தில் கில்ட் கட்டினால் ஆறு மாதம் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் நாடு கடத்தல். 1782-ல்தான் அதை நீக்கினார்கள். ஒருவன் ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்தால் இங்கே வயதானவர்களுக்கு ஏன் முகம் மலர்கிறது என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ரயிலுக்கு ஒரு யோசனை. லண்டனிலிருந்து இன்வர்னெஸுக்கு எட்டு மணி நேரம். அவ்வளவு நேரம் கம்பளிக் கொசுவத்தின் மேல் உட்கார்ந்தால் கசங்கிவிடும், வேர்க்கவும் வேர்க்கும். கால்சட்டையில் போய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். கல்யாணம் வெளியில் புல்வெளியில் என்றால் முழங்காலுக்குப் பூச்சி மருந்து தடவ மறக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலாந்தில் கோடையில் மிட்ஜ் என்று கண்ணுக்குச் சரியாகவே தெரியாத ஒரு கடிக்கும் பூச்சி இருக்கிறது. அங்கே எடுத்த ஒரு கல்யாண ஆல்பத்தில் பாதி ஃபோட்டோக்களில் நான் குனிந்து சொறிந்துகொண்டிருக்கிறேன். கல்யாணம் என் நண்பனுடையது.