அப்புச்சியின் மூளையை நகலெடுத்த இயந்திரம்: அமுக்கி வைத்த நினைவு திரும்ப வருமா?

கேள்வி: காங்கேயம் கொரங்காட்டுப் (மேய்ச்சல் காட்டுப்) பக்கம் நடக்கிற ஓர் அறிவியல் நாவல் எழுதுகிறேன். இறந்துபோன அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) மூளையை நகலெடுத்து ஒரு செயற்கை நுண்ணறிவு செய்கிறார்கள். பொழித் தகராறு (நில எல்லைச் சண்டை) பற்றிய நினைவை மட்டும் கம்பெனி அமுக்கி வைக்கிறது. கடைசியில் அது திரும்பி வந்து, கோர்ட்டில் சாட்சி சொல்லி, கேஸ் ஜெயிக்கிறது. நம்பும்படி இருக்குமா? என் சொந்த அப்புச்சி பேசிய பழைய கேசட்டைக் கொடுத்தால் அவருடைய ஆழ்மன நினைவையே எடுத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (தாராபுரம் வாசகி)

பதில்: முதலில் அந்தக் கேசட்டைப் பத்திரப்படுத்துங்கள். பணமும் கொடுக்காதீர்கள். கேசட்டில் இருப்பது குரல். அதிலிருந்து குரலைத்தான் செய்ய முடியும். 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் வந்து பேசினாரே, அதில் முகமும் குரலும் அவருடையவை மாதிரி இருந்தன. நினைவு அவருடையது இல்லை. உங்கள் கேசட்டில் செய்த பொம்மையிடம் ‘பொழிக்கல் எங்கே இருந்தது?’ என்று கேட்டால் அது கட்டாயம் ஒரு பதில் சொல்லும். தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும். அப்புச்சி குரலில் வந்துவிட்டதே என்று குடும்பம் அதை நம்பும், பங்காளிகள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் இப்படிக் காசு பிடுங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

குரல் போகட்டும், மூளையையே நகலெடுத்தால் நினைவு கிடைக்குமா? ஒரு சின்னப் புழுவின் 302 நரம்பணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்ற படம் 1986லேயே வந்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்து அந்தப் புழு எதைக் கற்றிருந்தது என்று இன்றைக்கும் படித்துச் சொல்ல முடியாது. 2024இல் பழ ஈயின் மூளைப்படம் வந்தது, 1,39,255 நரம்பணுக்கள். மனிதனுக்கு ஏறக்குறைய 8,600 கோடி. நாவலில் இந்தத் தூரத்தை ஒரே வரியில் தாண்டுங்கள், தப்பில்லை.

சரி, கதைக்கு வருவோம். நினைவைப் பூட்டுப் போட்ட ஃபைல் மாதிரி எழுதாதீர்கள். அது ஓரிடத்தில் இல்லை, பல இணைப்புகளில் பரவிக் கிடக்கிறது. அமுக்குவது என்பது கொழுக்கட்டைப் புல்லை மேலாக அறுப்பது மாதிரி, தூர் மண்ணுக்குள் அப்படியே இருக்கும். 2015இல் நரம்பியல் அறிஞர் டோனெகாவாவின் குழுவினர் மருந்து கொடுத்து ஒரு பயத்தை எலிகளுக்கு மறக்கடித்தார்கள். அந்த நினைவு பதிந்தபோது வேலை செய்த அணுக்களை ஒளியால் தூண்டியதும் எலிகள் மறுபடி பயந்து உறைந்தன. அதனால் திரும்பி வருவது நம்பத்தக்கதுதான்.

ஆனால் நினைவு போனாலும் பழக்கம் போகாது. உங்கள் நாவலின் உயிரே இதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்புக்காக மூளையின் இரு பக்கமும் புது நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் மனதில் நிற்கவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார்கள். மூன்று நாள் தொடர்ந்து வரைந்தார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது. உங்கள் இயந்திரமும் அப்படித்தான் இருக்க வேண்டும். தகராறு பற்றிக் கேட்டால் எதுவும் தெரியாது என்று சொல்லட்டும், அது பொய்யும் இல்லை. ஆனால் மாடு மேய்க்க வழி சொல்லும்போதெல்லாம் கிழக்குக் கிளுவை வேலிப் பக்கம் போகாமல் சுற்றிப் போகச் சொல்லட்டும். ஏன் என்று பேத்தி கேட்டால் அதற்கே காரணம் தெரியக்கூடாது. கம்பெனி அறுத்தது சொல்லத் தெரிந்த நினைவை மட்டும்தான். இதை மூன்று நான்கு இடத்தில் போட்டுவிட்டால், திரும்பி வரும்போது வாசகர் ஏற்றுக்கொள்வார்.

கோர்ட் முடிவை மட்டும் மாற்றிவிடுங்கள். திரும்பி வரும் நினைவு நடந்ததன் நகல் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயதில் கடைவீதியில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றைச் சொன்னதற்கே நான்கில் ஒருவர் அது ‘ஞாபகம் வருகிறது’ என்றார்கள். ஹிப்னாடிசம் செய்து நினைவை மீட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் போகக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நார்கோ (மருந்து கொடுத்துப் பேசவைப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), மூளை மின்பதிவு எதையும் ஒருவர் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் சொல்லியாகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் ‘நார்கோ சோதனையில் உண்மை வெளிவரும்’ என்று டிவியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இயந்திரம் தீர்ப்புக்குச் சாட்சியாக வேண்டாம், தேடலுக்குத் துப்பாக இருக்கட்டும். அது ஒதுங்கிப் போன அந்த மூலையைப் பார்த்துவிட்டு, பேத்தி தாலுகா ஆபீஸில் புலப்படத்துக்கு (நில அளவை வரைபடத்துக்கு) மனுப் போடட்டும். அப்புறம் சர்வேயருக்காக மாதக்கணக்கில் நடையாய் நடக்கட்டும். சங்கிலி பிடித்து அளக்கும்போது கல் எங்கே கிடைக்கிறது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அப்புச்சி சொன்ன இடத்திலேயே கிடைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.