உப்புச் சப்பில்லாத நாடா? (கடிதம்)

அன்புள்ள அம்மா,

பல வருடங்களாக உங்கள் எழுத்தைப் படித்து வருகிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மகன் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருக்கிறான். மருமகள் அந்த நாட்டுப் பெண். வரும் நவம்பரில் அவர்களோடு சில மாதங்கள் தங்கப் போகிறேன். சாப்பாட்டை நினைத்தால்தான் பயம். மிளகுக்காக உலகத்தையே பிடித்தவன் தன் சமையலில் ஒரு மிளகுகூடப் போடவில்லை என்பார்கள், அது உண்மைதான். போன முறை மருமகள் பிரியமாகத்தான் சமைத்துப் போட்டாள். அவித்த உருளைக்கிழங்கு, அவித்த கேரட், உப்புச் சப்பில்லாத கறி. பாவம், அவர்களுக்குச் சமையல் என்று ஒன்றே கிடையாது. இந்த முறை நம் சமையலை அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். நீங்கள் அங்கே படித்தவர். என்னென்ன பொடி, ஊறுகாய் கொண்டு போகலாம்? மாட்டிறைச்சியை அவர்கள் மனம் கோணாமல் தவிர்ப்பது எப்படி? அந்தச் சாப்பாட்டைச் சகித்துக்கொள்ள ஏதாவது வழி உண்டா?

க., திருச்சி

அன்புள்ள க. ஐயாவுக்கு,

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் இதே மிளகு வாக்கியம் வந்தது. கூடவே ரொட்டி மேல் டின் பீன்ஸைக் கொட்டிய ஒரு படம். ஆளாளுக்குச் சிரித்து வைத்தார்கள். அன்றே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. உங்கள் கடிதம் உட்கார வைத்துவிட்டது.

ஊறுகாய், பொடி எல்லாம் தாராளமாகக் கொண்டு போங்கள். மாட்டிறைச்சி வேண்டாமென்றால் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இவற்றுக்கு என் யோசனை தேவையே இல்லை.

மிளகுக் கதைக்கு வருகிறேன். 1180-லேயே லண்டனில் மிளகு வணிகர்களுக்கென்று சங்கம் இருந்தது. 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்டின் அரண்மனைச் சமையல்காரர்கள் தொகுத்த குறிப்புகளில் இஞ்சியும் கிராம்பும் பட்டையும் குங்குமப்பூவும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அந்த வாசனைச் சாமான்களில் பெரும்பகுதி பிற்பாடு இனிப்புப் பக்கம் போய்ச் சேர்ந்தது. கிறிஸ்துமஸ் புட்டிங்கைப் பிரித்துப் பாருங்கள். நவம்பர் 5 அன்று உங்கள் மகன் இருக்கும் யார்க்‌ஷயரில் சாப்பிடும் பார்க்கின் என்ற கேக், ஓட்ஸும் கரும்புப் பாகும் இஞ்சியும் சேர்ந்தது. நீங்கள் போகிற நேரத்தில் கிடைக்கும், கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். ஆப்பிள் பையில் கிராம்பு போடுவார்கள். ஓவனில் மணிக்கணக்கில் வேகும் ரைஸ் புட்டிங் மேல் ஜாதிக்காயைத் துருவுவார்கள். இனிப்பில் மட்டுமா? மோர்கம் விரிகுடாவில் பிடிக்கிற பொடி இறாலை ஜாதிபத்திரி போட்ட வெண்ணெயில் அடைத்து வைக்கிறார்கள். கம்பர்லாந்து சாசேஜில் மிளகு தூக்கலாகவே இருக்கும். மகன் வீட்டில் வூஸ்டர் சாஸ் பாட்டில் இருந்தால் லேபிளைப் படியுங்கள். நெத்திலியும் நம்முடைய புளியும் இருக்கும். ஆக, அந்த வாக்கியம் பொய். அதை இனிமேல் சொல்லாதீர்கள்.

ஆனால் என் ஆதங்கம் மிளகைப் பற்றியது இல்லை. அந்த நாட்டுச் சமையலைப் பற்றி உலகம் வைத்திருக்கும் அபிப்பிராயம் எப்போது, எந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டு உண்டானது என்று யாரும் கேட்பதில்லை. 1940 ஜனவரி 8-ஆம் தேதி அங்கே உணவு ரேஷன் தொடங்கியது. முதலில் வெண்ணெய், சர்க்கரை, பேக்கன். பிறகு ஒவ்வொன்றாக இன்னும் பல. ஒரு ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ் வெண்ணெய், அதாவது 57 கிராம். முட்டை ஒன்று, அதுவும் கிடைத்தால். மீதிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைப் பொடி. ஊருக்கு ஒரு ருசியாக சீஸ் செய்துகொண்டிருந்த பண்ணைகளின் பாலெல்லாம் ஒரே மாதிரியான அரசாங்க செடார் சீஸுக்குப் போனது. சரி, போர் முடிந்தது, விட்டார்களா? சண்டை நடந்த வருடங்களில்கூடக் கட்டுப்பாடில்லாமல் கிடைத்த ரொட்டிக்கு 1946 ஜூலையில் ரேஷன் போட்டு இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். இறைச்சிக்கான கட்டுப்பாடு நீங்கியது 1954 ஜூலை 4-ஆம் தேதி. பதினான்கு வருடம் ஐயா! 1940-இல் பத்து வயதான பெண், வெண்ணெயையும் முட்டையையும் கண்ணில் காட்டாமல்தான் சமைக்கக் கற்றுக்கொண்டாள். கற்றதைத்தானே தன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள்?

அந்த வருடங்களில்தான் பதினைந்து லட்சம் போல அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே வந்து இறங்கினார்கள். 1942-இல் அவர்களுக்குக் கொடுத்த கையேட்டிலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது: யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் நிறையச் சாப்பிட்டுவிடாதீர்கள், அது அந்தக் குடும்பத்தின் ஒரு வார ரேஷனாக இருக்கலாம். அப்படிப்பட்ட மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்னதுதான் உலகமெல்லாம் பரவியது. அதற்குப் பிறகு போன நம் மாணவர்கள் பார்த்ததும் ஹாஸ்டலையும் வாடகை விடுதியையும்தான். 2005-இல் பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக், இவ்வளவு மோசமாகச் சமைப்பவர்களை நம்ப முடியாது என்று தனிப்பேச்சில் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. அவர் எத்தனை ஆங்கிலேயர் வீட்டு அடுப்படிக்குள் போயிருப்பார்?

நான் போயிருக்கிறேன். லீட்ஸில் படித்தபோது ஓர் அம்மாள் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். 1947-இல் கல்யாணமானவர். அவருடைய கல்யாணக் கேக் வெறும் அட்டை. வெள்ளையடித்த மூன்றடுக்கு அட்டைக் கூட்டை வாடகைக்கு எடுத்து, அதற்குள் சின்னதாக ஒரு கேக்கை வைத்தார்களாம். கேக்குக்கான திராட்சை அக்கம்பக்கத்தார் தங்கள் பங்கில் விட்டுக்கொடுத்தது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் குறைபட்ட தொனியே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவர் அடுப்படியில் நிற்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததிலிருந்து, நான் வீட்டில் இருக்கும் ஞாயிறுகளில் ஆட்டுத்தொடைதான் வாங்குவார். காலையிலேயே மாவு, முட்டை, பால், உப்பு கலந்து மூடி வைத்துவிடுவார். கறி வெந்து வெளியே வந்ததும் ஓவனைக் கூட்டி, தகரத் தட்டில் கொழுப்பை வைத்துப் புகைய விடுவார். புகையும் கொழுப்பில் மாவை ஊற்றினால் சொர்ரென்று ஓரம் சுருண்டு எழும்பும். பிறகு ஓவன் கதவைத் தொடக்கூடாது, திறந்தால் அமுங்கிவிடும். அதுதான் யார்க்‌ஷயர் புட்டிங். அதை முதலில் தனியாகப் பரிமாறுவார், மேலே கிரேவி மட்டும். பாதி வயிறு அதிலேயே நிறைந்துவிட்டால், இருக்கிற கொஞ்சம் கறி எல்லோருக்கும் வரும். புட்டிங் அதிகம் சாப்பிடுகிறவருக்குத்தான் கறி அதிகம் என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்களாம்.

கிரேவியைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே வீண். கறி வெந்த தட்டை அப்படியே அடுப்பில் ஏற்றுவார். மிதக்கும் கொழுப்பை வழித்து ஒரு கிண்ணத்தில் சேர்த்துவிட்டு, மிச்சத்தில் ஒரு கரண்டி மாவைத் தூவி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கிளறுவார். முட்டைக்கோஸ் அவித்த தண்ணீரைக் கொட்டவே மாட்டார், அதுதான் கொஞ்சம் கொஞ்சமாக இதில் விழும். கறியின் சத்து, வெங்காயம் கருகின இனிப்பு, காய்த் தண்ணீர் எல்லாம் அந்தத் தட்டில்தான் ஒன்றுகூடும். உங்கள் மருமகளும் மேசையில் மூக்கு வைத்த சின்ன ஜாடி ஒன்றை வைத்திருப்பாளே? அதை எடுத்துத் தட்டில் ஊற்றினீர்களா? பக்கத்தில் புதினா, வினிகர், சர்க்கரை போட்ட பச்சைச் சாறு இருந்திருக்கும். கறியோடு தொட்டுக்கொண்டீர்களா? கண் எரியும் ஆங்கிலக் கடுகு? குழம்பை ஊற்றிக்கொள்ளாமல் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு, உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் ருசியே இல்லை என்று ஒருவர் உங்கள் மனைவியிடம் சொல்லியிருந்தால் சும்மா விட்டிருப்பீர்களா?

திங்கட்கிழமை மீந்த கறியை ஆறினபடியே நறுக்கி வைப்பார். மீந்த உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் பிசைந்து, சேர்த்து வைத்த அந்தக் கொழுப்பில் அடி முறுக வறுத்துப் போடுவார். செவ்வாய்க்கிழமை மிச்சக் கறியைக் கொத்தி, மேலே மசித்த கிழங்கை அப்பி ஓவனில் வைத்தால் ஷெப்பர்ட்ஸ் பை. எலும்பு பார்லி சூப்புக்கு. இதையா சமையல் இல்லை என்கிறீர்கள்?

முட்டைக்கோஸைக் குழைய அவித்த குற்றம் உண்மை. அந்த அம்மாளும் அதைச் செய்தவர்தான். நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் இல்லாததைத் தேடிக்கொண்டே உட்கார்ந்தால் இருக்கிறது எப்படி நாக்கில் படும்? மிளகாய் இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை என்று எண்ணிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறீர்கள். அவள் உங்களுக்காக மூன்று மணி நேரம் ஓவன் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படக் கூடாது. நீங்கள் தேடுவது உங்கள் மனைவியின் கைப்பக்குவத்தை. அது ஷெஃபீல்டில் கிடைக்காது, திருச்சியிலும் கிடைக்காது. எனக்கு அந்த வலி தெரியும். ஆனால் அதற்கு மருமகள் என்ன செய்வாள்? அவள் சமையலில் போய் அதைத் தீர்த்துக்கொள்ளாதீர்கள்.

அவளுக்கு நம் சமையலைச் சொல்லிக்கொடுங்கள், நல்ல விஷயம். அதற்கு முன்னால் அவளிடம் நீங்கள் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டிக்கு எந்த ஊர் என்று கேளுங்கள். லங்காஷயர் என்றால் ஹாட்பாட் செய்யச் சொல்லுங்கள். ஆட்டுக்கறி, வெங்காயம், மேலே வில்லை வில்லையாக அடுக்கிய உருளைக்கிழங்கு, ஓரம் முறுகும் வரை விட்டு எடுக்க வேண்டும். வேல்ஸ் என்றால் கவுல் (cawl) என்ற சூப், ஸ்காட்லாந்து கடலோரம் என்றால் புகை போட்ட ஹாடக் மீனில் கல்லன் ஸ்கிங்க் என்ற சூப். பாட்டி செய்த மாதிரியே செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கையாவது உரித்துக் கொடுங்கள். அளவோடு செய்முறையை எழுதி எனக்கு அனுப்புங்கள், அவள் சம்மதித்தால் இங்கேயே வெளியிடுகிறேன்.