மகனுக்குப் பழைய கார்: ஆர்.சி.யில் யார் பெயர்?

கேள்வி: மகனுக்கு 19 வயது, இப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். கல்லூரிக்குப் போய்வர 2018 மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பேசி முடித்திருக்கிறோம். ஆர்.சி.யை என் மனைவி பெயரில் மாற்றிவிட்டால், நாளைக்கு விபத்து என்று வந்தாலும் பையனுக்குச் சிக்கல் இருக்காது என்கிறார் புரோக்கர். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அதனால் பையனுக்கு ஒரு பாதுகாப்பும் கிடைக்காது, உங்கள் மனைவிதான் வீணாக உள்ளே இழுக்கப்படுவார்.

விபத்தில் இரண்டு தனித்தனிப் பொறுப்புகள் வருகின்றன. விபத்துக்கான குற்ற வழக்கு, ஓட்டியவர் லைசென்ஸ் உள்ள பெரியவர் என்றால், பொதுவாக அவர் மீதுதான். கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை, ஆர்.சி. யார் பெயரில் இருந்தாலும் அது மாறாது. இழப்பீட்டு வழக்கு வேறு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் நிறுவனம் மூவரையும் சேர்த்தே வழக்குப் போடுவார்கள். உரிமையாளர் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 2(30) பிரிவின்படி பதிவுச் சான்றில் பெயர் உள்ளவர். பாலிசியும் லைசென்ஸும் நடப்பில் இருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்துவிடும். லைசென்ஸில் கோளாறு இருந்தால், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கச் சொல்லித் தீர்ப்பு வருவதுண்டு. பாலிசியே இல்லை என்றால் முழுத் தொகையும் ஓட்டியவர், உரிமையாளர் தலையில்தான்.

புரோக்கர்கள் சொல்லாத இன்னொன்று உண்டு. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயரும் கையில் லைசென்ஸும் உள்ளவருக்கு மட்டும். லைசென்ஸ் இல்லாத மனைவி பெயரில் கார் இருந்தால் அந்தக் காப்பீடே கிடையாது. உங்கள் பெயரில் இருந்தால் அது உங்களுக்குத்தான். மகன் ஓட்டும்போது அவனுக்கு ஏதாவது ஆனால் கிடைக்காது. தினமும் ஓட்டப்போவது மகன், வயது 18 தாண்டிவிட்டது, லைசென்ஸ் இருக்கிறது. ஆகவே மகன் பெயரிலேயே மாற்றுவதுதான் என் கருத்து. மாணவன், வருமானம் இல்லை என்பதெல்லாம் ஆர்.சி.க்குத் தடையில்லை. கடன் போட்டு வாங்குவதால் உங்கள் பெயரில்தான் வைக்க முடியும் என்றால், மகனுக்கு 15 லட்சத்துக்குக் குறையாமல் தனி விபத்து பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள்.

கேள்வி: விற்பவர், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். பெயர் மாற்றத்தை மெதுவாகச் செய்துகொள்ளலாம், இன்சூரன்ஸ் இன்னும் 7 மாதம் இருக்கிறது என்கிறார். அதுவரை ஓட்டலாமா?

பதில்: இந்த "மெதுவாக" என்ற வார்த்தையில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை மாற்ற வாங்கியவருக்கு இருப்பது 14 நாள்.

அந்த 7 மாதத்தில் என்ன ஆகும்? 157-வது பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு காரோடு உங்களுக்குத் தானாக வந்துவிடும். அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்கும். ஆனால் உங்கள் கார் நசுங்கினால் அதைச் சரிசெய்யும் சொந்தச் சேதக் காப்பீடு தானாக வராது. பாலிசி பழைய ஓனர் பெயரில், கார் உங்கள் கையில் என்றால் கிளெய்ம் நிராகரிக்கப்படும். புதிதாக ஓட்டப் பழகியவர்கள் அதிகம் செய்வது பம்பரையும் கதவையும் இடிப்பதுதான். அதற்கான காப்பீடுதான் இங்கே இல்லாமல் போகிறது. பாலிசியை மாற்றும்போது நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) வித்தியாசத்தையும் கட்டச் சொல்வார்கள். அந்தச் சலுகை ஆளுக்கு உரியது, காருக்கு அல்ல. விற்றவருக்கு 50 சதவீதம் போனஸ் இருந்திருந்தால் கணிசமான தொகை வரும். விலை பேசும்போதே அதைக் கணக்கில் வையுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி. காலாவதித் தேதி, இன்சூரன்ஸ், ஹைபோதிகேஷன் (கார் மீதுள்ள கடன் பதிவு) மூன்றையும் பாருங்கள். இ-சலான் பாக்கியைத் தனியாகத் தேடுங்கள். கடன் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நிற்கிறதென்றால், வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) கடன் பதிவை நீக்க அவர்கள் கையெழுத்திட்ட 35-ஆம் படிவமும் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். வேறு மாநில வண்டி என்றால் 28-ஆம் படிவ என்.ஓ.சி. வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். விலை குறைவாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும்.

சேஸிஸ் எண்ணை நீங்களே எடுங்கள். பாடியில் அடித்திருக்கும் 17 எழுத்துகளின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் படிந்துவிடும். ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஏதாவது ஓர் எழுத்து மட்டும் மேலே கீழே ஏறியிருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் கீறலோ புதுப் பெயின்ட்டோ தெரிந்தாலோ அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

சாவி வாங்கும்போது டெலிவரி நோட் (கார் கைமாறியதற்கான சீட்டு) இரண்டு பிரதி எழுதுங்கள். தேதியோடு மணியும் இருக்கட்டும்: காலையில் விற்றவர் கையில் விபத்து, மாலையில் உங்கள் கையில் கார் என்றால் அந்த மணிதான் சாட்சி. கிலோமீட்டர் ரீடிங், எத்தனை சாவி, கொடுத்த தொகை, இருவர் கையெழுத்து, ஒரு சாட்சி இருந்தால் போதும். விற்றவரின் ஃபாஸ்டேக்கை அவர் மூடிவிட, நீங்கள் புதிது வாங்கி ஒட்டுங்கள்.

கேள்வி: சின்னவனுக்கு 17 வயது. அதே காரை ஊருக்கு வெளியே காலி மைதானத்தில், நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டிப் பழக விடலாமா?

பதில்: கூடாது. காருக்கு எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமமே 18 வயதில்தான். பொதுமக்கள் வந்துபோக உரிமை உள்ள எந்த இடமும் சட்டப்படி பொது இடம், மைதானமும் சேரும். 2019-இல் கொண்டுவரப்பட்ட 199ஏ பிரிவின்படி சிறுவர் குற்றம் செய்தால் பெற்றோரும் காரின் உரிமையாளரும் குற்றவாளிகள்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், காரின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்பதைப் பெற்றோரே நிரூபிக்க வேண்டும். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த வாதமும் இல்லை. கார் அண்ணன் பெயரில் இருந்தால் அண்ணனும் மாட்டுவான். சாவி எங்கே இருக்கிறது என்று நீங்களும் மூத்தவனும் பார்த்துக்கொள்ளுங்கள்.

18 முடிந்து எல்.எல்.ஆர். வந்த பிறகு பழகட்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' பலகை வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில், பக்கத்தில் இருக்க வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து நிரந்தர உரிமத் தேர்வுக்குப் போகலாம்.

கேள்வி: நான் விற்கும் பக்கம். காரை வாங்கிய கல்லூரி மாணவர் 3 மாதமாகப் பெயர் மாற்றவில்லை. சலான் என் போனுக்கு வருகிறது. என்ன செய்ய?

பதில்: இன்றே செய்யுங்கள். 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், கார் எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. 29-ஆம் படிவத்தை டெலிவரி நோட் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் வாங்கியவருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். இந்தக் காகிதங்கள் உங்கள் தரப்பு ஆதாரம் மட்டுமே, ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை பொறுப்பு நீங்காது; எனவே மாணவரையும் அவர் பெற்றோரையும் நேரில் பார்த்து 30-ஆம் படிவத்தைப் பதிவேற்ற வையுங்கள். சலானுக்காகக் காவல்துறை கேட்டால், அன்று கார் யாரிடம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியது 133-வது பிரிவில் உரிமையாளரின் கடமை. டெலிவரி நோட் அங்கேயும் கைகொடுக்கும்.