வெட்டி எறிந்த விநாடிகள்

அன்புள்ள ஐயா,

நான் கிராமப்புற அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு நிமிடக் காணொளிகளை என் கைபேசியிலேயே எடுத்து, தொகுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவருகிறேன். புத்தகத்தையே திறக்காத பையன்கூட இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். சக ஆசிரியர்களோ, ‘கரும்பலகையை விட்டு ஓடுகிறீர்கள்’ என்கிறார்கள். ஒரு காணொளி எவ்வளவு நேரம் இருக்கலாம்? பேச்சுத் தமிழில் சொல்வதா, பாடநூல் தமிழில் சொல்வதா? மெழுகுவர்த்திச் சோதனைக் காணொளியை இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யாரும் கேட்காமல், பள்ளி முடிந்த பிறகு உட்கார்ந்து இதைச் செய்கிறீர்கள் என்பது காணொளியைப் பார்த்தாலே தெரிகிறது. கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் மட்டம் தெரியட்டும் என்று தண்ணீரில் நீல மை கலந்திருக்கிறீர்கள். அந்த அக்கறை உள்ளவர் சக ஆசிரியர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. வகுப்பில் எந்தத் தமிழில் பேசுகிறீர்களோ அதிலேயே பேசுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் காணொளியின் நடுவில் ஒரு வெட்டு இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் மட்டுமல்ல. கொஞ்ச காலமாகவே இப்படிப்பட்ட வெட்டுகள் என்னை உறுத்திக்கொண்டிருக்கின்றன.

தட்டில் நீலத் தண்ணீர். நடுவில் எரியும் மெழுகுவர்த்தி. கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறீர்கள். அங்கே ஒரு வெட்டு. அடுத்த காட்சியில் சுடர் அணைந்து, தண்ணீர் டம்ளருக்குள் ஏறி நிற்கிறது. “உள்ளே இருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அதனால்தான் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறியிருக்கிறது” என்கிறது உங்கள் குரல்.

அம்மா, அது தவறு. பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் தவறு. அதைத் தவறென்று காட்டும் சாட்சி உங்கள் கைபேசியிலேயே இருந்தது. நீங்கள் அதை வெட்டி எறிந்துவிட்டீர்கள்.

வெட்டாமல் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? சுடருக்கு மேல் டம்ளரை இறக்கும்போதே உள்ளே போகும் காற்று சூடேறி விரிகிறது. அதில் ஒரு பகுதி டம்ளரின் விளிம்புக்கு அடியில் குமிழ்களாக வெளியேறும். (அந்த இடத்தில்தான் நீங்கள் மஞ்சள் எழுத்தில் தலைப்பைப் போட்டிருக்கிறீர்கள்.) சுடர் நன்றாக எரியும் வரை தண்ணீர் மட்டம் ஏறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். சுடர் சுருங்கி அணையும்போதுதான் தண்ணீர் விறுவிறுவென்று உள்ளே ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால், எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா ஏற வேண்டும்? உள்ளிருக்கும் வாயு குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. முக்கியமான காரணம் அதுதான். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிறது. மெழுகு எரியும்போது மூன்று பங்கு ஆக்சிஜன் போனால் ஏறக்குறைய இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு வரும். கூடவே உண்டாகும் நீராவி குளிர்ந்து கண்ணாடியில் படிந்துவிடும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளர் அதேதான், உள்ளிருக்கும் ஆக்சிஜனும் கூடவில்லை. அப்புறம் எப்படி ஏறுகிறது? பதினான்கு வயதுப் பிள்ளை இந்தக் கேள்வியைத் தானாகவே கேட்கும், நாம் அதன் கண்ணை மறைக்காவிட்டால்.

காணொளி தெளிவாக இருந்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இன்று வெரிட்டாசியம் என்ற யூடியூப் அறிவியல் காணொளிகளால் உலகறிந்த டெரெக் முல்லர், 2008-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இதைத்தான். இயற்பியல் கருத்தை நேராகவும் தெளிவாகவும் விளக்கிய காணொளியைப் பார்த்த மாணவர்கள், நன்றாகப் புரிந்தது என்றார்கள். தேர்வில் அவர்கள் மதிப்பெண் ஏறக்குறைய அப்படியே நின்றது. மாணவர்களிடம் வழக்கமாக இருக்கும் தவறான எண்ணத்தை முதலில் ஒருவர் சொல்லி, பிறகு அதை அலசிய காணொளியைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருக்கிறது என்றார்கள். மதிப்பெண் நன்றாக உயர்ந்தது இவர்களுக்குத்தான். ‘திரும்பத் திரும்பப் பார்க்கிறான்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. விரும்பிப் பார்ப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது எங்கள் அறிவியல் ஆசிரியர் உயரமான கண்ணாடிச் சாடி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஆடாமல் அசையாமல் இரண்டு நாள் வைத்திருந்தார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயைச் சாடியின் அடிவரை விட்டு, அதன் வழியாகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகங்களை அடியில் இறக்கினார். சாடியின் மேல் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, தினமும் ஊதா நிறம் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னார். பிரேயர் முடிந்ததும் ஆய்வகத்துக்கு ஓடுவோம். முதல் நாள் நிறம் தரையோடு கிடந்தது. அடுத்தடுத்த நாட்களில் மெல்ல மெல்ல ஏறியது. ஆசிரியர் ஒரு வார்த்தை விளக்கவில்லை. ஒருநாள் ஒரு பையன் கேட்டான்: “சார், கோடெல்லாம் நெருங்கி நெருங்கி வருகிறதே, ஏன்?” அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அதற்காகத்தான் அத்தனை நாள் காத்திருந்தார். இப்படி ஒரு பொருள் தானாகவே மெல்லப் பரவுவதுதான் விரவுதல். அதில் இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம் ஆகும். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு. ஒரு சென்டிமீட்டர் ஏறுவதற்கே பல மணி நேரம் வேண்டும்.

இப்போது வரும் காணொளிகளில் டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விழுகிறது. ஐந்து விநாடியில் நிறம் சுருள் சுருளாகப் பரவுகிறது. ‘இதுதான் விரவுதல்’ என்கிறார்கள். அது விரவுதலே அல்ல. மை விழுந்த வேகத்திலும் தண்ணீரின் ஓட்டத்திலும் கலங்குகிறது, அவ்வளவுதான். விரவுதல் மெதுவானது என்பதே பாடம். அதை ஐந்து விநாடியில் காட்டுகிறவர் பாடத்துக்கு நேர் எதிரானதைக் கற்பிக்கிறார். பயறு முளைப்பதை வேகப்படுத்திக் காட்டுவதில் தவறில்லை. பக்கத்தில் ஒரு கடிகாரமும் ஓடட்டும்.

குறுகிய படம் எனக்குப் பகையல்ல. 1960-களில் அமெரிக்கப் பள்ளிகளில் பெட்டிக்குள் அடைத்த 8 மி.மீ. படச்சுருள்கள் இருந்தன. ஒரு சுருளுக்கு ஒரு கருத்து, சுமார் நான்கு நிமிடம், ஒலி கிடையாது. பேச வேண்டியவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியர். 1971 ஆகஸ்ட் 2 அன்று நிலவில் அப்பல்லோ 15-ன் டேவிட் ஸ்காட் ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறின் இறகும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. ஒரு நிமிடம்கூட இல்லாத அந்தப் படம் இன்றும் வகுப்பை வாயடைக்க வைக்கிறதென்றால், கையை விட்டது முதல் தரையைத் தொட்டது வரை இடையில் வெட்டே இல்லை என்பதால்தான்.

ஆகவே மெழுகுவர்த்தியை மறுபடி படம் எடுங்கள். இசை வேண்டாம், விளிம்பின் மேல் எழுத்து வேண்டாம், வெட்டு வேண்டவே வேண்டாம். டம்ளரைக் கவிழ்க்கும் முன் நிறுத்தி, என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஓடவிடுங்கள். காரணத்தைக் காணொளியில் சொல்லாதீர்கள். மறுநாள் வகுப்பில் அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். குழுவில் ஏற்கெனவே போட்டதை நீக்கிவிடுங்கள், ஏன் நீக்கினீர்கள் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஐந்தில் ஒரு பங்கைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. துருப்பிடிக்கும் மெல்லிய இரும்பு நாரை வினிகரில் நனைத்து, உதறி, ஒரு சோதனைக் குழாயின் அடியில் செருகித் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் உதவாது, அது துருப்பிடிக்காது. இரும்பு துருவேறும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதற்கு ஈடாக வேறு வாயு எதுவும் வராது. ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம். குழாயின் மேல் காகிதப் பட்டை ஒட்டிக் கோடு போடும் வேலையைப் புத்தகத்தைத் திறக்காத அந்தப் பையனிடம் கொடுங்கள்.