கீழ்ச் சிலிண்டர் மட்டும் இழுக்காத வள்ள என்ஜின்: விற்றவரிடம் முழுப் பணத்தையும் கேட்கலாமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நான் முட்டம் பக்கத்தில் ஃபைபர் வள்ளத்தில் தொழில் செய்கிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன், 2 லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில், ஓராண்டு வாரண்டியுடன், இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின் வாங்கினேன். இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர்தான். ஐந்தாம் மாதமே கீழ்ச் சிலிண்டர் இழுக்கவில்லை. கடையில் இரண்டு முறை பிளக் மாற்றினார்கள். சீட்டு எதுவும் தரவில்லை. மூன்றாம் முறை, மண்ணெண்ணெயில் ஆயிலைச் சரியாகக் கலக்காததே காரணம் என்று பலர் முன்னிலையில் என்னைத் திட்டி அனுப்பினார்கள். ஊர் மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட் மாற்றினார், சரியாகவில்லை. ஜூன், ஜூலை மீன்பாடு முழுவதும் போயிற்று. பங்குத்தந்தை பேசிய பிறகு, கீழ்ச் சிலிண்டரின் பிஸ்டன், ரிங், சீல் ஆகியவற்றை இலவசமாக மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். எனக்கு முழுப் பணமும் நஷ்ட ஈடும் வேண்டும். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். நீங்களே வள்ளத்தில் கடலுக்குப் போய்ப் பிழைப்பவர் என்பதால், தொழிலுக்காக வாங்கிய என்ஜினாக இருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். சுயதொழிலால் வாழ்க்கை நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்த நிலை மாறாது என்பதை உச்ச நீதிமன்றம் 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. என்ஜினை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தால் மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. கடையையும் உற்பத்தி நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும்.

கடையில் உங்களைத் திட்டியது வருந்தத்தக்கது. ஆனால் இந்த வழக்கில் அதற்கு இடமில்லை. இழந்த மீன்பாட்டுக்கும், முந்தைய ஆண்டு அதே மாதங்களில் மீன் ஏலம் போனதற்கான ரசீதுகள் கையில் இல்லையென்றால், கேட்ட தொகை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஆணையம் பார்க்கப்போகும் கேள்வி ஒன்றே ஒன்று: வாரண்டி காலத்துக்குள், யாரும் என்ஜினைத் திறப்பதற்கு முன், அந்தக் கீழ்ச் சிலிண்டர் எந்த நிலையில் இருந்தது என்பதை எதைக் கொண்டு நிரூபிக்கப்போகிறீர்கள்?

இயந்திர விஷயத்தில் உங்கள் பக்கம் நல்ல வாதம் இருக்கிறது. ஒரே கார்புரேட்டரிலிருந்து இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கலவைதான் போகிறது. ஆயில் குறைந்திருந்தால் ஒரு சிலிண்டர் முந்திக் கெடலாம் என்றாலும், மற்றதிலும் அதன் தடம் தெரிய வேண்டும். மேல் சிலிண்டரின் பிஸ்டனும், அது உரசி ஓடும் உட்சுவரான லைனரும் கீறலின்றிச் சுத்தமாக இருந்தால், கலவைதான் காரணம் என்ற கடைக்காரரின் பேச்சு வலுவிழக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும், கலவை முதலில் வந்து சேரும் கிராங்க் அறை தனித்தனியாக அடைபட்டிருப்பதால், கீழ் கிராங்க் சீல் கசிந்தாலோ, கலவையை உள்ளே மட்டும் விடும் அந்தப் பக்கத்து ரீட் வால்வு சரியாக மூடாவிட்டாலோ, அந்த ஒரு சிலிண்டர் மட்டுமே சோர்ந்துபோகும். இக்னிஷன் காயில், பிளக் வயர், ரிங் ஆகியவற்றிலும் குறை இருக்கலாம். இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்து, ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயராகத் துண்டித்து எதில் வேகம் குறையவில்லை என்று கவனித்து, கேஜ் வைத்து இரண்டின் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளந்து எழுதியிருந்தால், அரை நாளில் முடிகிற வேலை உங்கள் வழக்கின் முதுகெலும்பாக இருந்திருக்கும்.

அதைச் செய்யாமலேயே ஹெட் கழன்றுவிட்டது. கடலோரத்திலிருந்து என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இதுதான். தொழில் நின்றுபோன பதற்றத்தில் கைக்குக் கிடைத்த மெக்கானிக்கிடம் என்ஜினைக் கொடுக்கிறார்கள். அவரும் நல்லெண்ணத்தோடு திறக்கிறார். பழைய கேஸ்கெட்டும் பிளக்கும் குப்பைக்குப் போகின்றன. அதன் பிறகு ஆணையம் அதே சட்டத்தின் பிரிவு 38-ன் கீழ் பரிசோதனைக்கு அனுப்பினாலும், அறிக்கையில் வருவது திறந்து மூடிய என்ஜினின் நிலைதானே தவிர, கடை விற்ற என்ஜினின் நிலை அல்ல. இன்று கம்ப்ரஷன் குறைவாக இருந்தால், போல்ட்டைச் சரியான அளவில் முறுக்காததால் வந்தது என்று எதிர்தரப்பு வழக்கறிஞர் சொல்வார். அதை மறுக்க உங்களிடம் பழைய அளவு இல்லை. குறையை நிரூபிக்கும் பொறுப்பு புகார் தருபவருடையது. மெக்கானிக் எழுதித் தரும் கடிதத்தை மட்டும் நம்பி வருகிறவர்களிடம் நான் கேட்பது, அவர் அதைப் பிரமாண வாக்குமூலமாகத் தந்து, எதிர்தரப்பின் கேள்விகளுக்கும் பதில் சொல்லத் தயாரா என்பதுதான். பெரும்பாலும் தயாராக இருப்பதில்லை. கடைக்காரரைப் பகைத்துக்கொள்ள அவருக்கும் மனம் வராது.

ஆகவே இந்த நிமிடத்திலிருந்து வேறு யாரும் அந்த என்ஜினில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. கழற்றிய கேஸ்கெட்டும், மாற்றிய பிளக்குகளில் எதுவும் கிடைத்தால் அவையும், தேதியுடன் உறையிலிட்டுப் பத்திரமாக இருக்கட்டும். கடைக்குப் போன நாட்களின் தொலைபேசி அழைப்புப் பட்டியலையும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளையும் எடுத்து வையுங்கள். ஐந்தாம் மாதமே புகார் செய்தீர்கள் என்பதற்கு இப்போது அவைதான் சாட்சி.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். கடைக்காரர் தருவதாகச் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். என்ஜினில் ஒரு பாகம் கெட்டதற்காக முழு விலையும் திரும்பக் கிடைப்பது அரிது. மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்கான கடப்பாடே என்று கூறி, காரையே மாற்றித் தர வேண்டும் என்ற உத்தரவை ஏற்கவில்லை. வழக்கில் முழுமையாக வென்றாலும் உங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கக்கூடியது இந்தப் பாகங்களும் ஒரு சிறு தொகையும்தான். அவை இப்போதே கிடைக்கின்றன. உங்கள் என்ஜின் மண்ணெண்ணெயில் ஓட உற்பத்தியாளர் அனுமதித்த மாடல் இல்லையென்றால், இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்; வழக்கில் அது வெளிவந்தால் இதுவும் கிடைக்காது.

ஆனால் வாய்ப்பேச்சாக ஏற்காதீர்கள். சமரசம் என்று போய், வேலை முடிவதற்கு முன்பே ‘முழுத் திருப்தி’ என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டுவிட்டு, இரண்டு வாரத்தில் அதே சிலிண்டர் மறுபடி நின்றபோது கையைப் பிசைந்துகொண்டு வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். என்ஜினை இரு தரப்பும் சேர்ந்து திறக்க வேண்டும். மேல் சிலிண்டரின் நிலையையும் படமெடுக்க வேண்டும். லைனரில் கீறல் இருந்தால் அதைக் கடைந்து சீராக்கும் போரிங் செலவும் கடையுடையதே. மாற்றிய பாகங்களுக்குக் குறைந்தது ஆறு மாத வாரண்டி தேவை. வேலை முடிந்த பின் இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் எண்ணாகக் குறித்து, பாரத்தோடு கடலில் ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்து. இவை அனைத்தும் கடையின் முத்திரையுடன் ஒரே தாளில் வர வேண்டும். பங்குத்தந்தை சாட்சியாகக் கையெழுத்திட இசைந்தால் நல்லது.

பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக, புகார் செய்வதற்கான 2 ஆண்டுக் கெடு நிற்காது. ஐந்தாம் மாதத்திலிருந்து எண்ணினால் ஒன்பது மாதங்கள் ஏற்கெனவே போய்விட்டன. கடைக்காரருக்குப் பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்டில் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, மேலே சொன்ன நிபந்தனைகளை எழுதி அனுப்புங்கள். அவர் கையெழுத்திட மறுத்தால், மேற்கொண்டு திறக்காமல் என்ஜினை அப்படியே வைத்துக்கொண்டு ரசீது, வாரண்டி அட்டை, தபால் ஒப்புகையுடன் வாருங்கள். புகாரோடு சேர்த்து, பொறியாளர் ஒருவரைக் கொண்டு என்ஜினைப் பரிசோதிக்கக் கோரும் மனுவையும் அன்றே தாக்கல் செய்வோம்.