டெயில்ஸ் கோப்பின் ஹாஷ் தளத்தில் உள்ளதோடு பொருந்தினால் போதுமா?

போதாது. டெயில்ஸ் என்பது யுஎஸ்பியிலிருந்து இயங்கும், அடையாளத்தைக் காக்கும் இயங்குதளம்; ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீடு. ஹாஷ் பொருந்தினால் இறக்கும்போது கோப்பு சிதையவில்லை என்று தெரியும். ஆனால் தளத்துக்குள் புகுந்தவரால் கோப்பையும் ஹாஷையும் சேர்த்தே மாற்ற முடியும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் தளத்தில் இருந்த இறக்க இணைப்பே பின்கதவு (ரகசியமாக நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓவுக்கு (நிறுவல் கோப்புக்கு)த் திருப்பிவிடப்பட்டது.

ஆகவே கையொப்பத்தைச் சரிபாருங்கள்; அது கோப்பை வெளியிட்டவர் தம் ரகசியச் சாவியால் இடும் டிஜிட்டல் முத்திரை. டெயில்ஸ்.நெட் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்; தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். இமேஜ், அதன் கையொப்பக் கோப்பு, அந்தக் கையொப்பத்தைச் சோதிக்க உதவும் டெயில்ஸின் பொதுச் சாவி மூன்றையும் இறக்குங்கள். சோதிக்க லினக்ஸில் ஜிபிஜி, விண்டோஸில் க்ளியோபாட்ரா என்ற மென்பொருள் போதும்.

பலர் சறுக்குவது சாவியில்தான். போலித் தளம் போலிச் சாவியையும் தரும். அதை வைத்துப் பார்த்தால் கையொப்பம் 'சரி' என்றே வரும். சாவியை அடையாளம் காட்டும் 40 இலக்கக் குறியீடான கைரேகையை வேறு இணைய இணைப்பிலிருந்தும், முடிந்தால் வேறு கருவியிலிருந்தும் எடுத்து முழுவதும் ஒப்பிடுங்கள். கடைசி 8 இலக்கம் மட்டும் பார்ப்பது வீண், அது ஒத்துவரும் போலிச் சாவியை எளிதில் உருவாக்கலாம். டெபியன் என்ற லினக்ஸ் வகையை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் உறுதியான வழி உண்டு: டெபியன் உருவாக்குநர்களின் சாவிகள் அடங்கிய டெபியன் கீரிங் தொகுப்பை நிறுவி, டெயில்ஸ் சாவியில் டெபியன் உருவாக்குநர்கள் இட்ட கையொப்பத்தைச் சோதிக்கலாம்.

கையொப்பம் சரி, ஆனால் சாவி சான்றளிக்கப்படவில்லை என்று ஜிபிஜி எச்சரித்தால் பதற வேண்டாம். அந்தச் சாவியை நீங்கள் இன்னும் உறுதிசெய்யவில்லை என்பதே அதன் பொருள். கையொப்பம் தவறு என்று வந்தால் மட்டும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். தவறு என்று வந்த கோப்பை யுஎஸ்பியில் எழுதவே கூடாது.