தண்ணியில கரண்டு: மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களின் கேள்விகளுக்குப் பதில்

வவுணதீவு: வயலோர வாய்க்காலில் எந்நேரமும் தண்ணி ஓடுது. வீட்டுக்குக் கரண்டு எடுக்கலாமா?

தம்பி, ஓட்டத்தைப் பார்த்து ஏமாற வேணாம். பத்து மீற்றர் அளந்து ஒரு தேங்காய் மட்டைத் துண்டை மிதக்க விடுங்க. 20 செக்கனில் போனால் வேகம் செக்கனுக்கு அரை மீற்றர். வாய்க்கால் ஒரு மீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் அந்த ஓட்டத்தில் இருக்கிற சக்தி முழுக்கச் சேர்த்தும் 25 வாற்றுத்தான். அதிலயும் பாதிகூடக் கைக்கு வராது.

கரண்டு தாறது விழுகை. செக்கனுக்கு 100 லீற்றர் தண்ணி ஒரு மீற்றர் விழுந்தால் 980 வாற்று. சின்னச் சுழலியில் (டேர்பைனில்) பாதி தேறும். அந்த விழுகை துருசடியில, அதாவது தண்ணி திறந்து விடுற மதகடியிலதான் கிடைக்கும். அங்க பலகை வைத்து மறித்தால் கடைசி வயல்காரனுக்குத் தண்ணி இல்லை. வாய்க்காலை மறிக்காதீங்க.

காத்தான்குடி: வாவி முகத்துவாரத்தில் கடல் தண்ணி இறங்கி ஏறுற வற்றுப் பெருக்கை வைத்துக் கரண்டு எடுக்கலாமா?

நம்ம கரையில வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பிரான்சின் ரான்ஸ் ஆற்றில் 1966 இல் 240 மெகாவாற்று நிலையம் தொடங்கினாங்க. அங்க சராசரி எட்டு மீற்றர். நமக்குச் சரிவராது.

சம்மாந்துறை: இங்கினியாகலையில் கரண்டுக்குத் தண்ணியைத் திறந்து முடிச்சிட்டு, எங்கட வட்டையை (வயல்வெளியை) காய விடுறாங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?

காக்கா, இங்கினியாகலையில இருக்கிற சேனநாயக்க சமுத்திரம் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குளம், முக்கிய நோக்கம் வேளாண்மை. அணையடி நிலையம் ஏறக்குறைய 11 மெகாவாற்று. மகாவலியில இருக்கிற விக்டோரியா நிலையம் 210, அதோட பார்த்தால் இது சின்னது. டேர்பைன் தண்ணியைக் குடிக்கிறதில்லை. உயரத்தில இருந்த சக்தியை எடுத்துக்கொண்டு தண்ணியை அப்படியே கீழ விடுது. வயலுக்குப் போற தண்ணி போற வழியில கரண்டும் தருது.

நிந்தவூர்: அப்ப வயலுக்குத் தேவையில்லாத நேரத்தில் திறந்தால்?

இது சரியான கேள்வி. அப்படித் திறந்தால் சேமிப்புப் போகும், சிறுபோகத்தில வாய்க்கால் கடைசியில இருக்கிற அடிப்பாட்டு வயல்தான் முதலில் காயும். அதோட குளம் இறங்க இறங்க அதே தண்ணிக்குக் கரண்டும் குறையும், ரெண்டு பக்கமும் நட்டம். குளம் நிரம்பி வான் பாயுற காலம் வேற. வீணாப் போற தண்ணியை டேர்பைனுக்கு விடுறது நல்லம். போகம் தொடங்கமுன் நடக்கிற ஆரம்பக் கூட்டத்தில எழும்பி, எந்தத் திகதியில எவ்வளவு திறக்கிறது என்று கேளுங்க. அங்கதான் இது முடிவாகுது.

சம்மாந்துறை: நீங்க கரண்டுக்காரன் பக்கம்தானே!

நான் தண்ணியின் பக்கம், காக்கா. திறக்கிற நேரத்தில்தான் பிரச்சினை, டேர்பைனில இல்லை. கூட்டத்தில நேரத்தைக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேணும்.

செங்கலடி: மோட்டரால தண்ணியை மேல ஏத்தி, விழவிட்டு, அந்தக் கரண்டிலயே மோட்டரை ஓட்டினால்?

நிண்டுபோகும். ஏத்தச் செலவான அளவு திரும்பி வராது.

களுவாஞ்சிக்குடி: தாங்கி பெரிசா இருந்தால்?

மேல பாருங்க. தாங்கி எவ்வளவு பெரிசானாலும் அதே கணக்கு.

அக்கரைப்பற்று: கரண்டு போற நேரம் ஜெனரேற்றரை வீட்டு பிளக்கில மாட்டலாமா?

வேணவே வேணாம். அந்தக் கரண்டு தெருக் கம்பிக்கு ஏறும். லைன் செத்துக்கிடக்கு என்று கம்பத்தில ஏறின பிள்ளை சாகும். மாற்றும் சுவிட்ச் போட்டு, தகுதியுள்ள மின்காரரைக் கொண்டு பூட்டுங்க.

பொத்துவில்: அப்ப நமக்கு என்னதான் வழி?

கூரையில சூரியத் தகடு. சின்ன நீர்மின், இரத்தினபுரி, கேகாலை மலையோடைக் கிராமங்களுக்குப் பொருந்தின வேலை. பெரிய குளத்து அணையடியில செய்யலாம் என்று யாரும் திட்டம் வைத்திருந்தால், முதலில் நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் நிலைபேறான வலு அதிகாரசபையையும் கேளுங்க. வாய்க்காலை மட்டும் மறிக்காதீங்க.